காலித் தட்டின் எடை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உறையின் மேல் ‘வாலு’ என்று எழுதத்தான் நினைத்தேன். ஆபீஸ் விலாசம் என்பதால் உன் மானத்தைக் காப்பாற்றி முழுப்பெயர் எழுதியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால் அந்த வரியைத் தாண்டி மேலே போகிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். “அம்மா சாப்பிட்டாங்களா?” என்று நீ கேட்டதுமே என் வாய் தானாக “நல்லா சாப்பிட்டாம்மா” என்று சொல்லிப் பழகிவிட்டது. உண்மையைச் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஐந்து வாரமாக நான் உனக்குச் சொன்ன கணக்கு அத்தனையும் தப்பு. மதியம் இருநூற்றெண்பது கிராம், முந்நூற்றுப் பத்து கிராம் என்று சொன்னேனே, அதில் பாதிகூட உன் அம்மாவின் வயிற்றுக்குள் போகவில்லை.

சமையலறைத் தராசு வாங்கியது உனக்குத் தெரியும். தட்டில் குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. வைப்பதற்கு முன்னால் ஒரு எடை, முடித்த பிறகு ஒரு எடை. கழித்தால் சாப்பிட்ட அளவு. முப்பத்தொரு வருடம் சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் செய்த அதே வேலை. பழைய சீட்டுப் புத்தகம் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதிலேயே எழுதினேன்: மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை. நீ என்னைக் கிண்டல் செய்தாய். நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

மாதம் ஒரு முறை வரும் நர்ஸ் இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தார். போன மாதம் நாற்பத்தாறு கிலோ இருந்த உன் அம்மா நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். உங்கள் மெஷின் பழுது என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். உள்ளே போய் இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பைகளைத் தூக்கிவந்து அவருடைய மெஷின் மேல் வைத்தேன். பத்து காட்டியது. கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், பக்கத்து ரூம்ல என்ன வாசனை?” என்று கேட்டார்.

சிமெண்ட் தூசி என் மூக்கை எப்போதோ சாகடித்துவிட்டது. பக்கத்து அறை உன் அறை. நீ போனதிலிருந்து நான் அதைத் திறப்பதில்லை. உன் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் பதினேழு பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சோறு, ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்த ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு ஸ்பூன். உன் பள்ளிக்கூட டிபன் பாக்ஸும் அதில் ஒன்று. எறும்பு, பூஞ்சை எல்லாம்தான். பாத்திரங்கள் குறைவதை நான் கவனிக்காமல் இல்லை. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் மேல் சந்தேகப்பட்டு அவரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பாத்திரங்களை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். நர்ஸ்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். குளிக்கிறேன், சமைக்கிறேன், பேப்பர் படிக்கிறேன். எதுவும் மேலே ஒட்டுவதில்லை.

ஏற்றிவந்த லாரி காலியாகத் திரும்புவதை மட்டும் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிடாதே, சரக்கு கிடங்கில் இறங்கியிருக்கிறதா என்று பார் என்று எத்தனை பேருக்கு வேலை கற்றுக் கொடுத்திருக்கிறேன்! என் வீட்டில் நானே காலித் தட்டைப் பார்த்துச் சீட்டு எழுதியிருக்கிறேன்.

பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தட்டை வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுவேன். சாப்பிடும்போது தொந்தரவு கூடாது என்று டாக்டர் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். டாக்டர் கூடாது என்றது டிவியை மட்டும்தான். அவள் ஸ்பூனை எடுத்து அது எதற்கு என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பிறகு என்னையும் அதே மாதிரி பார்ப்பாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நர்ஸ் அவளிடம் நயமாகக் கேட்டார், இதெல்லாம் யாருக்கம்மா என்று. அவள், “எடைக்காரரு இன்னும் வரலியே. லாரி நிக்குதாம். ஒரு ஆளு சாப்பிடாம இருக்கும்போது நான் எப்படி உக்காந்து சாப்பிடறது?” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எடைக்காரர் யார் என்று நர்ஸ் என்னைக் கேட்டார். கேண்டீனில் பழைய ஆள் என்று சொன்னேன்.

இந்தக் கதையை உன் அம்மா உனக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். ஆலை கேண்டீனில் அவள் பரிமாறுகிற வேலையில் இருந்தாள். சாப்பிட வருகிறவர்கள் டோக்கனைப் பெட்டியில் போட வேண்டும். எல்லா டோக்கனும் விழுந்த பிறகுதான் பரிமாறுகிறவர்கள் சாப்பிடலாம். மேடையில் லாரி நின்றால் நான் எழுந்து வர முடியாது. அதனால் தினமும் என் டோக்கன்தான் கடைசி. மற்றவர்கள் கடைசி ஆளுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இவள் ஒரு தட்டில் எடுத்து இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் திட்டுவாள். இரண்டு வருடம் திட்டு வாங்கிய பிறகு பெண் கேட்டுப் போனேன்.

நர்ஸ் வந்துபோன மறுநாள் மதியம் கொல்லைப்பக்கமாக இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தேன். புறப்படுமுன் ஆலையின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன், வயிற்றுக்கு மேல் பொத்தான் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு, “லாரி இப்பத்தான் போச்சு” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “தினமும் இதே பாட்டுதான். உக்காருங்க” என்றாள். தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். உப்பில்லாத அந்தக் குழைந்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த தட்டை வைத்தேன். அவளே ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒன்பது நாள் சாப்பிட்டாள். மற்ற மூன்று நாள் அவள் கண்ணுக்கு நான் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன். தராசைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். நான் கேட்டுக்கொண்டதால் நேற்று நர்ஸ் மறுபடியும் வந்து எடை பார்த்தார், நானூறு கிராம் கூடியிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் இது கூடும் என்பது எனக்குத் தெரியும்.

இனி நீ அனுப்பிய படிவம். மூக்கு வழியாகக் குழாய் போட என் கையெழுத்துக் கேட்டிருக்கிறாய். நான் சொன்ன பொய்க் கணக்கையும் தாண்டி, போட்டோவில் அவள் மெலிந்ததைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய், உன் மேல் தப்பில்லை. டாக்டரிடம் கேட்டேன். இந்த மறதி வியாதிக்குக் குழாயால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை, கையால் ஊட்டுவதே நல்லது என்றார். அவள் குழாயைப் பிடுங்குவாள், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார். ஒருநாள் விழுங்குவதே மறந்துபோகும் என்பதையும் மறைக்கவில்லை. அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதாம். படிவம் கையெழுத்தில்லாமல் மேஜையில் இருக்கிறது. இந்த முறை என் கணக்கை நீ நம்ப வேண்டாம். வந்து ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகு நீ சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்.

பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வருகிறார். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நேற்று மதியம் நான் சாப்பிட்டு முடித்ததும் உன் அம்மா, “தினமும் இங்கயே சாப்பிடறீங்களே, வீட்ல உங்களுக்கு ஆளு இல்லையா?” என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். ஒரு பொண்ணு இருக்கிறாள், தூரத்தில் என்றேன்.  அவள் தன் தட்டிலிருந்து பாதியை இன்னொரு தட்டில் எடுத்து வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தாள். இன்றும் வைத்தாள். நான் எடுக்கவில்லை.

இந்த மாதத்துக்குள் வா. உன்னை யாரென்று அவளுக்குத் தெரியாது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள். மதியத்துக்கு வந்துசேருகிற மாதிரி டிக்கெட் போடு. முன்வாசல் வழியாக வா. வழியில் எதுவும் சாப்பிட்டுவிடாதே, பசியோடு வா.

அன்புடன்,
அப்பா