ஒரு பக்கத்துக்கு முன்னால்

அக்கா,

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் எதிர்வீட்டுப் பெண் இன்று காலை என் முட்டியில் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த வாசனையில் உங்கள் நெற்றி நினைவுக்கு வந்தது. தலைவலி என்று தைலம் பூசிக்கொள்வீர்கள். எழுதுவதை மட்டும் நிறுத்த மாட்டீர்கள்.

கடப்பேரியில் நமக்கு ஒரே காம்பவுண்டு. முன்போர்ஷனில் காலேஜில் சரித்திரம் நடத்தி ரிட்டையரான நீங்கள். பின்போர்ஷனில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நான். மத்தியானம் நான் முருங்கைக்கீரை உருவும்போது, ஆசியாவைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவதற்காக எழுதியதைப் படித்துக் காட்டுவீர்கள். நான் முழித்தால் அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு போடுவீர்கள். "உனக்குப் புரியலைன்னா, நான் இன்னும் எழுதலைன்னு அர்த்தம்."

அப்படித்தான் எனக்கு அதெல்லாம் தெரியவந்தது. ரஷ்யாவை ஜப்பான் ஜெயித்தபோது நம் ஊர்க்காரர்களும் பூரித்துப்போனார்களாம். ஆசியா முழுக்க ஒன்றுதான் என்று ஜப்பான்காரர் ஒருவர் எழுதினாராம். அவரோடு சிநேகமாயிருந்த வங்கத்துக் கவிஞர், பிற்பாடு ஜப்பானுக்கே போய், வெள்ளைக்காரனின் பேராசையை நீங்களும் பழகாதீர்கள் என்றாராம்.

"கேட்டாங்களா?" என்றேன்.

"மீதியை மேடையில கேளு" என்று சிரித்தீர்கள்.

அந்த மீதி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மலேயா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய என் அப்பாவை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போனான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் திரும்பவில்லை. இதை உங்களிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

தாம்பரம் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்னை முதல் வரிசையில், மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தீர்கள். 'ஆசியா ஆசியருக்கே' என்று ஜப்பான் சிப்பாய்கள் சொல்லிக்கொண்டு வந்ததை நீங்கள் சொன்னதும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"நிறுத்துக்கா! அந்தப் பேச்சைப் பேசிகினுதான் எங்கப்பன லாரில ஏத்தினான். நீ இன்னா, அவனுக்கு மாலை போடறியா?"

பின்னாலிருந்து கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன், "பெரிம்மா பேசட்டும்பா, இதான் நல்லாகீது!" என்றான். கூட்டம் சிரித்தது. நீங்கள் காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

ஆறு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். ஒரு கிண்ணம் குழம்பு கைமாறவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டீர்கள்: "மீதியைக் கேக்க மாட்டியா?"

"கேட்ட வரைக்கும் போதும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

நீங்கள் கண்ணை மூடிய பதினாறாம் நாள் உங்கள் அண்ணன் மகன் அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து தந்தான். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி." விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் எழுந்த இடத்துக்கு அடுத்த பக்கம்:

'ஆசியாவை ஒன்றாகக் கனவு கண்டவர்கள் பெரிய மனிதர்கள். அந்தக் கனவை ஒரு பட்டாளம் எடுத்துக்கொண்டபோது தண்டவாளத்தின் அடியில் கிடந்தவர்கள் கூலிகள். அவர்களைச் சேர்க்காமல் இந்தச் சரித்திரத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.'

ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'இங்கே அவளை மேடைக்குக் கூப்பிட வேண்டும். அவள் சொல்லட்டும்.'

கூட்டத்தைச் சிரிக்க வைத்த அந்தச் சட்டைக்காரனை இன்றைக்கும் அடையாளம் காட்டுவேன், அக்கா. அவன்மேல் இருந்த கோபம் மட்டும் எப்போதோ என் பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் எனக்கென்று ஒதுக்கிவைத்த இடத்தை, நானே உங்களிடமிருந்து பிடுங்கி நாசம் பண்ணினேன். மன்னிப்பு என்று எழுதவே கூசுகிறது.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, 'எங்கப்பன்' என்று மட்டும்தான் கத்தினேன். நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்தில் அவர் பேர் முழுசாக இருக்கிறது. மாடசாமி, மாரிமுத்துவின் மகன், பால் மரத் தொழிலாளி. அச்சு மாதிரி உங்கள் கையெழுத்தில்.