தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி

சிவமயம்

துணுக்காய்,
1962 ஆவணி 20

அன்பு மகன் கதிர்காமநாதனுக்கு உன் தகப்பன் எழுதுவது. உடலளவில் நானும் அம்மாவும் சுகம். மற்றைய சுகத்தை நீயும் கேளாதே, நானும் கேட்கவில்லை. குளிர் தேசத்தில் தனித்திருந்து துணைவி நேசமலரின் மரணத்தைத் தாங்கும் உனக்கு எம்பெருமான் நெஞ்சுரம் தருவானாக. உன் மகள் உயிரோடிருக்கிறாள், பால் குடிக்கிறாள். இதை முதலிற் படித்துக்கொண்டு பிறகு மற்றதைப் படி.

மாமா எழுதியதை நம்பி நீ அரசாங்க அதிபருக்கு அனுப்பிய காகிதத்தின் பிரதியை நேற்றுக் கண்டேன். கன்னியாஸ்திரிச் சகோதரிமார் நேசமலரைக் கவனியாமற் சாகவிட்டார்கள், பிள்ளையைக் கிறிஸ்து வேதத்திற் சேர்ப்பதற்கு வைத்திருக்கிறார்கள், ஆகையால் அந்த வைத்தியசாலையை மூடவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மாமாவின் விண்ணப்பத்தோடு அதுவும் வருகிற மாதம் விசாரணைக்கு வருகிறது. பெற்ற மகளைச் சுடலைக்கு அனுப்பியவர் அவர். உன் அம்மாவுக்கு உடன்பிறந்த தமையன். அவருடைய துயரத்தை அளக்க எனக்குக் கோல் இல்லை. ஆயினும் துயரம் வேறு, சாட்சி வேறு மகனே.

அந்த இடம் எப்படி உண்டானது என்பதை நீ சரியாக அறியாய். அப்போது நீ யாழ்ப்பாணத்தில் விடுதியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். நாங்கள் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் காய்ச்சற்காரரை மாட்டுவண்டியில் வவுனியாவுக்குக் கொண்டுபோவோம். திரும்பி வந்தவர் சிலர், வண்டியிலேயே கண்மூடியவர் பலர். அந்நாளில் மூன்று கன்னியர் ஒரு லொறியில் வந்திறங்கினார்கள். நம்மவர் ஒருவரும் ஒரு கொட்டில் கொடுக்கவில்லை. அப்துல் மஜீத் முதலாளிதான், நெல் நனைஞ்சாக் காயவைக்கலாம், மனிசன் செத்தா எங்க காயவைக்கிறது என்று கேட்டுத் தம் களஞ்சியத்தை ஒழித்துக் கொடுத்தார். மருந்தில் ஞானஸ்நானத் தண்ணீர் கலந்திருக்கிறது என்ற கதையை நம்பி அதை வேலியோரம் ஊற்றியவர்களும் இருந்தார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் குளக்கட்டு உடைந்தபோது அந்தக் கன்னியர் இடுப்பளவு தண்ணீரில் நோயாளரைத் தோளிற் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் இளையவர் அந்த ஈரத்திற் பிடித்த காய்ச்சலிலேயே மாண்டார். கிணற்றுக்கு அப்பால் அவரை அடக்கம் செய்திருக்கிறது. அதன் பின்னர்தான் ஊர் திரண்டு சுவர் எழுப்பியது. கூரைக்கு முதிரை மரம் தறித்துக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், உன் மாமாவேதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளை பிறந்த அன்றே நேசமலருக்கு வலிப்புக் கண்டது. மூத்த சகோதரி மதலேன் ஊசி போட்டு அதை அடக்கினார். வெளிச்சமும் சத்தமும் அசைவும் பட்டால் வலிப்புத் திரும்பும் என்பதால் யன்னல்களைக் கறுத்த துணியால் மூடி, பெற்றோல்மக்ஸ் விளக்கை வெளியே எடுத்துவிட்டு, நாடி பார்ப்பதற்கு மட்டும் தலைமாட்டில் ஒரு மெழுகுதிரியை வைத்தார். இரண்டு நாள் இப்படியே கிடந்தாற் பிழைப்பாள் என்று உன் அம்மாவிடம் சொன்னார். நான் உனக்குத் தந்தி அடிக்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். அந்நேரம் மாமா வந்து கதவைத் திறந்தார். பட்டப்பகலில் இருண்ட அறை, தலைமாட்டில் எரியும் திரி, கட்டிலருகே முழந்தாளில் நின்று செபிக்கும் இரண்டு கன்னியர். நம் வீடுகளில் எப்போது தலைமாட்டில் விளக்கு வைக்கிறோம் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர் வாசலிலேயே தலையிலடித்துக்கொண்டு, ஐயோ என்ர பிள்ளைக்கு விளக்கு வைச்சிட்டினமே, சீவன் போறதெண்டா அது எங்கட வீட்டிலதான் போகவேணும், இவையின்ர சிலுவைக்குக் கீழ இல்லை என்று கத்தினாராம். அம்மா அவர் காலைப் பிடித்து, அண்ணை, அது மருந்துக்கு வைச்ச வெளிச்சம், சிஸ்டர் எனக்கு விளங்கப்படுத்தினவா என்று கெஞ்சினாள். போடி, உனக்கு ஆர் என்ன சொன்னாலும் ஓம் என்பாய் என்று அவளைத் தள்ளிவிட்டார். மதலேன் வாசலை மறித்து, வேண்டாம் ஐயா, றோட்டு வேண்டாம், வெயில் வேண்டாம் என்று தமக்குத் தெரிந்த தமிழில் மன்றாடினார். ஊரார் நால்வர் கட்டிலோடு தூக்கி உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். குளக்கட்டுப் பாதையின் பள்ளங் கிடங்குகளை நீ அறிவாய். சகோதரி ஓடிவந்து பெட்டியில் ஏறித் தம் வெள்ளை அங்கியை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தபடியே வந்தாராம். மாமா இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. மல்லாவிச் சந்திக்கு முன்னரே வலிப்புத் திரும்பிவிட்டது. கூற்றுவன் வைத்தியசாலையை விட்டுப் போய்விட்டான் மகனே. நாம் அவனைத் தேடி வீதிக்குப் போனோம்.

அம்மா கண்டதைத்தான் எழுதினேன், அன்று அங்கே வந்திருந்த மஜீத் முதலாளியும் கண்டார். உன் அம்மா தமையனுக்கு எதிராக வாய் திறக்கமாட்டாள். முதலாளி சொன்னால் அவரை வேறு சாதிக்காரர் என்று தள்ளிவிடுவார்கள். கண்ணாற் காணாவிட்டாலும் எஞ்சியிருப்பவன் நான். விசாரணையில் எழுந்து உண்மையைச் சொல்வதென்றால், உன் மகளை நீயே கொன்றாய் என்று எதிரே இருக்கும் மைத்துனனுக்குச் சபையிற் சொல்வதாகும். அவருக்கும் உள்ளே அது தெரியும் என்றே நினைக்கிறேன்; தெரிந்தபடியாற்றான் இப்படிக் கொதிக்கிறார். மூன்று இரவு பதிகம் ஓதியும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்தக் கதவு மூடினால் அடுத்த வலிப்புக்காரியை எங்கே கொண்டுபோவோம்? நிறை குறைந்து பிறந்த உன் பிள்ளையைச் சொட்டுச் சொட்டாய்ப் பாலூட்டி வளர்க்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆதலால் உன் காகிதத்தை மீளப்பெறுவதாக அதிபருக்குத் தந்தி கொடு. நீ கொடாவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன். என் மகன் எழுதியது பிழை என்றும் அங்கே சொல்லுவேன். அதன் பிறகு மாமா நம் வாசற்படலை திறக்கமாட்டார். அம்மா அதற்கு இப்போதே அழுதுகொண்டிருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, படிப்பை விட்டுவிடாதே, அவளுடைய அந்தியேட்டிக் கிரியை அன்று அங்கேயே நீராடித் திருநீறிட்டுக்கொள். எல்லாம் வல்ல சிவன் உனக்கும் தாயில்லாப் பிள்ளைக்கும் காவலாயிருக்க வேண்டுகிறேன். ஒன்றை மறவாதே: பிள்ளைக்குப் பெயர் எழுதி அனுப்பு. வேதத்திற் சேர்க்கிறார்கள் என்று நீ எழுதிய அந்தக் கன்னியர், தகப்பனுடைய உரிமை என்று சொல்லி, இன்றுவரை அவளை ஒரு பெயராலும் அழைக்கவில்லை.

இங்ஙனம்,
உன் தகப்பன்
ஐயாத்துரை