அட்டையில் எழுதாத வசனம்

1921 மார்ச் 8
தாய் குழந்தையை விட்டுப் போகும் காட்சி இன்றும் சரியாக வரவில்லை. நாவலில் நாலே பக்கம். நாடு முழுக்கப் பெண்கள் படித்து அழுத பக்கங்கள். தாயாக நடிக்கும் எனக்கோ ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. டைரக்டர் லிண்ட்குவிஸ்டுக்குக் கோபமும் வராது. அதுதான் பெரிய கொடுமை.

மார்ச் 9
முடிந்தது. "புத்தகத்துல இருக்கறதை விடும்மா. ஊமைப் படம், திரையில எப்படியும் எழுத்து அட்டைதானே காட்டப்போறோம். வாயில வர்றதைச் சொல்லு, யாருக்குக் கேக்கப்போகுது?" என்றார்.

சொன்னேன். "நெட்டி, நான் உன் அக்கா இல்லடி. உன்னைப் பெத்தவ." எனக்கு அழுகை வரட்டும் என்று செட்டில் வாசித்த வயலின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. கல்யாணமாகாமல் நான் பெற்றவளை, ஒஹாயோவில் அம்மா தன் பெண் என்று சொல்லி வளர்க்கிறாள். பன்னிரண்டு வருஷம்.

மார்ச் 11
நெட்டிக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். அவள் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான். திரையில் காதலர்கள் கொஞ்சும்போது நிஜத்தில் என்ன திட்டிக்கொள்கிறார்கள் என்று படித்துச் சிரிப்பார்கள்.

இதை எப்படி மறந்தேன்? மறந்துதான் சொன்னேனா?

மார்ச் 14
படச்சுருளை வெட்டி ஒட்டும் ஹில்டாவிடம் போனேன். அந்தக் காட்சிக்கு முகம் தெரியாத, தூரத்தில் எடுத்ததைப் போடச் சொன்னேன்.

"மத்ததுல எல்லாம் நடிக்கிற, வெர்னா. இதுல மட்டும்தான் அழற. நிச்சயமா வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே வெட்டிடறேன்."

கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது. வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 15
அம்மா என்னைக் கொன்றே போடுவாள். நெட்டி? பயமாக இருக்கிறது.

ஜூன் 2
படம் அவள் ஊருக்குப் போய்விட்டது.

ஜூன் 20
நெட்டியின் கடிதம். மேலே அக்கா என்றும் இல்லை, அம்மா என்றும் இல்லை.

"மூணு தடவை பாத்தேன். அட்டையில 'போய் வருகிறேன், கண்ணே'ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு ஒன்பது வயசுலயே தெரியும். எனக்குக் கேக்காதுன்னு வீட்டுல எல்லாரும் சாப்பிடற மேஜையிலயே பேசிக்குவாங்க. நீயா சொல்லுவேன்னுதான் பேசாம இருந்தேன். ஊருக்கே சொல்லிட்டு, என்கிட்ட எப்ப வந்து சொல்லப்போற?"

எத்தனை தடவை படித்தேனோ. மூன்று வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாயா, பாவி மகளே, மூன்று வருஷம்.

ஜூன் 21
லிண்ட்குவிஸ்டிடம் பத்து நாள் லீவு கேட்டேன். புதுப் படம் தொடங்குகிற நேரம். செட்டில் எல்லோரும் இருந்தார்கள். "ஊர்ல யாரும்மா?" என்றார்.

"என் பொண்ணு" என்றேன்.