பாட்டு அழிந்த கேசட்

கடையைக் காலி செய்யும்போது அந்தக் கேசட் கிடைத்தது. மேல்தட்டில், பழைய ரேடியோ வால்வுகளுக்குப் பின்னால் கிடந்தது. 'தேன் பாட்டு' என்று உன் கையெழுத்து. அதன்மேல் நீயே போட்ட கோடு. தென்காசியில் இனி ரேடியோ ரிப்பேருக்கு யார் வரப்போகிறார்கள், போகட்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். உனக்கு டாக்டர் பட்டத்துக்கு மலைச்சனங்களின் பாட்டு வேண்டும். எனக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓசியில் உன்னோடு சுற்ற வேண்டும். குற்றாலத்துக்கு மேலே பளியர் குடியிருப்பில் ஊர்ப் பெரியவர் சரியென்றார். தேனெடுக்கப் போகும்போது பாடுவதைப் பாடினார்கள். உன் ஆய்வே அந்தப் பாட்டுக்காகத்தான் காத்துக் கிடந்தது. சந்தோஷத்தில் நீ தூங்கவேயில்லை.

காலையில் நாம் கிளம்பும் நேரம், கிழங்கு தோண்டப் போயிருந்த பெரியவரின் அக்கா வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டு முகம் மாறிவிட்டது.

"அதுல எங்க செத்தவங்க பேரெல்லாம் வருது. பட்டணத்துல போட்டா, கூப்பிடுதாங்கன்னு அங்க வந்துருவாங்க. அங்கன அவங்களுக்கு யாரு இருக்கா?"

பெரியவர் தலையைச் சொறிந்தார். நான் உன்னைத் தனியே இழுத்தேன்.

"ஏலே, பெரியவரு சரின்னுட்டாருல்லா. கெளம்பு."

"அவரு சொன்னாரு. இவங்க சொல்லலியே."

"அப்பம் பட்டம்?"

"போவுது, விடு."

அழிக்க வேண்டுமென்றால் மேலே வேறு எதையாவது பதிய வேண்டும். ஓடைக்கரையில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். அந்த அம்மா எதிரே குத்தவைத்து, நாடா ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணிச் சத்தத்த நாங்க வச்சுக்கிடலாமா?" என்று அதற்கும் நீ கேட்டாய். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

பட்டம் உனக்குக் கடைசிவரை வரவில்லை. கல்லூரியில் உனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உனக்கு மேலே போனார்கள். நீ கண்ணை மூடும்வரை அதைப் புலம்பி நான் கேட்டதில்லை. அந்தச் சாரலும், இலஞ்சியிலிருந்து சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து நிற்கும் நீயும் இப்போது எனக்கு வேண்டும் போலிருக்கிறது.

நேற்று கேசட்டைப் போட்டேன். ஓடை ஓடுகிறது. நடுவில் உன் இருமல். கடைசியில் அந்த அம்மாவின் குரல்: "முடிஞ்சிட்டா? கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் மகன் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறான். இந்தக் காகிதமும் என்னோடு வரும். அங்கே, எனக்குப் பிறகு, உனக்கு யாரைத் தெரியும்? அதனால்தான் இதில் எங்கேயும் உன் பெயரை எழுதவில்லை. நீ இலஞ்சியிலேயே இரு.