வேற கோத்ரம்தானே

மட்டாஞ்சேரி,
திங்கட்கிழமை மத்யானம்.

செல்ல மகள் ஸுப்ரியாவுக்கு அம்மா மனசு நிறைஞ்ச ஆசீர்வாதத்தோட எழுதறது. இங்கே எல்லாரும் க்ஷேமம்னு எழுதத்தான் கை போறது, பாதி க்ஷேமம்னு வெச்சுக்கோ. உன் தம்பி வெங்கிட்டுவுக்குப் போன வாரம் மறுபடியும் ரத்தம் ஏத்தினா. இப்போ முகம் தெளிஞ்சிருக்கு. தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடறான், என்னோட சண்டையும் போடறான்.

போன்ல சொல்லாம ஏன் எழுதறேன்னு கேட்பே. போன்ல ஆரம்பிச்சா நான் அழுவேன், உங்கப்பா பிடுங்கி வேற ஏதாவது பேசுவார். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, மெதுவா வாசி.

நேத்திக்கு எர்ணாகுளத்தில் ஒரு கூட்டம். வெங்கிட்டுவைப் போல எலும்பு மஜ்ஜை சரியா ரத்தம் உண்டாக்காத குழந்தைகளோட அம்மா அப்பாக்களுக்கு டாக்டர்கள் விளக்கிச் சொல்றா. நானும் அப்பாவும் போட்ல போனோம். ஏ.சி. ஹால், சாயா, பழம்பொரி எல்லாம் பேஷா இருந்தது. எதுக்கு வந்தோம்னே கொஞ்ச நேரம் மறந்துபோச்சு.

கல்யாணத்துக்கு முன்னாலேயே சொந்தக்காராளா இருந்த தம்பதிகள் கை தூக்கணும்னு ஒரு டாக்டர் சொன்னார். நாங்க தூக்கலை. உங்கப்பா, தூக்கினவாளைத் திரும்பிப் பார்த்து பாவம்னு வேற சொன்னார்.

அப்புறம் அம்ருதான்னு ஒரு பொண்ணு, கவுன்சலராம், ஒவ்வொரு குடும்பத்தையா உட்கார்த்தி வெச்சு வம்சத்தைப் படமா வரைஞ்சா. உங்கப்பாவைக் காட்டி, இவரோட அம்மா யாருன்னு என்னைக் கேட்டா. எங்கப்பாவோட கூடப்பிறந்தவள், எனக்கு அத்தைன்னேன். பேனாவைக் கீழே வெச்சுட்டு, அப்போ ஏன் கை தூக்கலைன்னா. அத்தை பிள்ளை வேற கோத்ரம்தானே, நம்மாத்தில் அதை உரிமைன்னுதானே சொல்லுவோம்னேன். அவள் சிரிக்கலை. ரத்தத்துக்குக் கோத்ரம் தெரியாது சேச்சின்னு மலையாளத்தில் நிதானமா சொன்னா. எங்க தாத்தா பாட்டிகிட்ட மறைஞ்சு கிடந்த ஒரு குறை எனக்கும் உங்கப்பாவுக்கும் வந்து, வெங்கிட்டுகிட்ட ஒண்ணு சேர்ந்திருக்கலாமாம். எனக்குப் பாதிதான் மனசிலாச்சு. உங்கப்பாவுக்கு அதுவும் இல்லை. ஜாதகப் பொருத்தம் அத்தனை நன்னா இருந்ததேன்னு அவகிட்டயே வாதாடினார்.

நான் பேச்சை மாத்தினேன். என் பொண்ணோட மஜ்ஜை தம்பிக்குச் சேரும்னு முதல் டெஸ்ட்டில் வந்திருக்கு, அடுத்த மாசம் பூனாவிலேர்ந்து வந்து கொடுக்கப்போறாள்னு பெருமையா சொன்னேன். அதுக்கு அவள் சொன்னதுதான் நேத்திலேர்ந்து தலைக்குள்ளே சுத்தறது. கொடுக்கறதுக்கு முன்னால் உனக்கும் இதே வியாதி இருக்கான்னு பார்த்தே ஆகணுமாம். நன்னா ஓடியாடிண்டு இருக்கறவாளுக்கும் உள்ளே இருக்குமாம். சிலபேருக்கு உடம்பில் சாயா நிறத்தில் திட்டு இருக்குமாம். வியாதியே இல்லாதவாளுக்கும் அந்தத் திட்டு இருக்குமாம். பின்னே நான் எதைன்னு எடுத்துக்கறது? உன் முதுகில் இருக்கிற திட்டை அதிர்ஷ்ட மச்சம்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சவ நான்.

திரும்பி வரச்சே அப்பா, ஸுப்ரியாகிட்ட இதெல்லாம் சொல்லாதே, பயந்துண்டு வராம இருந்துட்டா வெங்கிட்டு கதி என்னன்னார். அவர் சொல்றதும் சரின்னு தோணறது. சொல்லாம வரவழைச்சா நான் என்ன அம்மான்னும் தோணறது. காலம்பற கோவிலுக்குப் போனேன். யாருக்கு முதல்ல வேண்டிக்கறதுன்னு தெரியலை, வெறுமனே நின்னுட்டு வந்துட்டேன்.

டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால மாத்திக்க முடியுமான்னு பார். வந்து முதல்ல உன் ரத்தத்தைப் பார்த்துக்கோ. தம்பிக்குக் கொடுக்கறது அப்புறம். அவனுக்காகத்தான் அம்மா கூப்பிடறாள்னு நினைச்சுக்காதே. அவனுக்கு மருந்தா நான் உன்னைப் பெத்துக்கலை, கேட்டயா.

நூறு வயசு இருக்கணும். ரெண்டு பேரும்.

உன் அம்மா,
பாக்கியலக்ஷ்மி