அப்பா ஏறி நின்ற ஸ்டூல்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
18.9.1983

அன்பு மகள் ஐறீனுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் மேஜரும், மூன்று சீவனும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபமாலையில் உனக்கென்று தனியாக மன்றாடிக்கொள்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வாசித்து முடித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு நீ லண்டனில் இருந்தது உன் நல்ல காலம், இங்கே இருந்திருந்தால் அகப்பைக்காம்பு முறிந்திருக்கும். வின்சன்ற் நல்ல பிள்ளை, குடியில்லை, ஞாயிறு பூசைக்குத் தவறுவதில்லை, என்னில் உயிராக இருக்கிறான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, மறுபக்கத்தில், ஆனால் அம்மா, அவன் என்னைவிட இரண்டு அங்குலம் கட்டை, விடுதியில் கூட இருக்கிற பெட்டைகள் ஏணியும் கோழிக்குஞ்சும் என்று பகிடி பண்ணுகிறார்கள், அவனோடு நடக்கும்போது கூனிக்கொண்டு நடக்கிறேன், வேண்டாமென்று சொல்லிவிடவா என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் ஒரு வரி. ஆனால் அந்த வரி உனக்கு விளங்க வேண்டுமென்றால் ஆடி மாதம் இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். அப்பா குசினியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது என்று போன கடிதத்தில் எழுதியது அவர் எழுதச் சொன்னது. நேற்று அவரே, "உள்ளதை எழுதப்பா, பிள்ளைக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு இருந்து வாசி, பாதியில் எழும்பி அழாதே.

உன் அப்பா ஐந்தடி இரண்டு, நான் ஐந்தடி பத்து. எங்கள் கலியாணப் படத்தில் தோளுக்குத் தோள் சரியாக நிற்கிறோமே, சின்ன வயதில் நீ அதைப் பார்த்து, அப்பா அப்போது நெட்டையா, பிறகு தேய்ந்துபோனாரா என்று கேட்டாய், நினைவிருக்கிறதா. அந்தப் படத்தில் என் வெள்ளை நெற் முக்காடு விரிந்து கிடக்கிற இடத்துக்குள்ளே ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் ஏறித்தான் மாப்பிள்ளை நிற்கிறார். உன் ஞானஸ்நானப் படத்திலும் புதுநன்மைப் படத்திலும் நீ பிளேன் ஏறின அன்று எடுத்த படத்திலும் அதே ஸ்டூல்தான். வீட்டுக்குள், முன்கூடச் சாலையில் மாதா சுரூபத்துக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம், வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது. வீதியில் போனால் என் பக்கத்தில் நடக்க மாட்டார், நாலு எட்டு முன்னால் போவார். மற்றபடி தங்கமான மனுசன், ஒரு நாள் கை நீட்டியதில்லை, உரத்துப் பேசியதில்லை. இந்த ஒரு விசயத்தில் மட்டும் வீம்பு, நானும் அதைத் தொடாமல் குடும்பம் நடத்திவிட்டேன்.

ஆனால் கூட்டாளிமார் விடுவார்களா. ஹியூபேட் மாமாவை உனக்குத் தெரியும், துறைமுகத்தில் பென்சன் எடுத்த பிறகு பின்னேரமானால் எங்கள் விறாந்தையில்தான், வயிறு மட்டும் இன்னும் பெருத்திருக்கிறது. மற்றவர் யோகநாதன், நீ போன பிறகு உன் அறையில் வாடகைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், சைவம், தீக்குச்சியைப் போல ஆள். மூன்று பேரும் கூடினால் நாய்க்கதையும் உயரக்கதையும்தான். நீ குட்டியாக விட்டுப்போன மேஜர் நீளத்தில் வளர்ந்தானே தவிர கால் வளரவில்லை. அப்பா அவனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு இறங்கினால், "றேமண்ட், ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு போறியள்" என்று ஹியூபேட் மாமா கேட்பார். அப்பா சிரிப்பார், நான் உள்ளே இருந்தால் மட்டும். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்துவிட்டால் முகம் கறுத்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமையும் இதே பகிடிதான் நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தில் தமிழரின் கடைகள் எரிகிறதென்று கந்தோருக்குப் போனவர்கள் பாதியில் திரும்பி வந்திருந்தார்கள், புறக்கோட்டைப் பக்கம் புகை தெரிந்தது, ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு வராது என்று ஹியூபேட் மாமா அடித்துச் சொன்னார். அவருக்கு அன்று பல்லுக்கட்டு இல்லை. முகம் கழுவக் கழற்றி வைத்ததை மேஜர் கவ்விக்கொண்டு போய்ச் செவ்வரத்தையடியில் வைத்துச் சப்பிவிட்டான். பொக்கை வாயால் அவர் நாயைத் திட்ட, யோகநாதன் தன் பங்குக்கு, "மேஜருக்கு இப்ப இரண்டு செற் பல்லு, கள்ளன் வந்தால் செத்தான்" என்று சொல்ல, மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க முதல் ஒழுங்கை முகப்பில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் கத்தினாள், அப்படிக் கத்துவதை நான் பிள்ளைப்பேற்று வாட்டில்கூடக் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். பொல்லும் இரும்புக் கம்பியும் பெற்றோல் கலனுமாக ஒரு கூட்டம் வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. முதலாம் வீட்டுக் கதவைக் கோடரியால் கொத்தினார்கள், உள்ளே இருந்த மனிதரைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்து வீதியில் போட்டு மிதித்தார்கள். நான் முன்கதவைப் பூட்டி, எல்லாரையும் பின்வளவுக்குக் கலைத்தேன்.

பின்மதிலுக்கு அப்பால் மஜீட் நானாவின் வீடு, வெங்காயம் மொத்தமாக விற்பவர், உனக்குப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புகிற பீபியின் புருசன். அவர் அந்தப் பக்கம் வெங்காயப் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று, "மிஸிஸ் றேமண்ட், சுறுக்கா இங்கால வாங்க" என்று கூப்பிட்டார். மதில் என் தலைக்கு மேலே ஒரு முழம். மாங்காய் களவு போகிறதென்று போன வருசம் உன் அப்பாதான் அதன் மேலே உடைந்த போத்தல் ஓடு பதித்தவர். ஏணியைக் கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை, கதிரையெல்லாம் விறாந்தையில். கயிற்றில் காய்ந்த சாக்குகளை உருவி ஓட்டின் மேல் எறிந்தேன். எறிந்தும் என்ன, இரண்டு உள்ளங்கையும் கிழிந்து இரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது. முதலில் யோகநாதனைத் தூக்கினேன், அவர் கூச்சப்பட்டு, "அக்கா, வேண்டாமக்கா" என்றார், பிடரியில் ஒன்று போட்டுத் தோளில் ஏற்றினேன். மேஜரைத் தூக்க, அவன் பயத்தில் என் பெருவிரலைக் கடித்துக் கிழித்தான், அவனையும் எறிந்தேன். ஹியூபேட் மாமாவை நானும் அப்பாவுமாகப் பின்பக்கத்தில் கை கொடுத்து முக்கி முக்கி ஏற்றினோம். மனுசன் மதில் உச்சியில் வயிறு புரளக் கிடந்துகொண்டு, உயிர் போகிற நேரத்திலும் வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல், "கொன்ஸ்ரன்ஸ், இனி உன்ர குழந்தைப்பிள்ளையைத் தூக்கு" என்றார்.

அந்தச் சொல்தான் மகள். நான் கையைக் கோத்து, காலை வையுங்கோ என்றேன். அப்பா என் கையைப் பார்த்தார், மதிலுக்கு மேலே தெரிந்த மூன்று தலைகளையும் பார்த்தார். முகம் கறுத்தது. "நீ ஏறு, நான் ஸ்டூலைக் கொண்டு வாறன்" என்றார். பைத்தியமா உங்களுக்கு, வாருங்கோ என்று கத்தினேன், சேட்டைப் பிடித்து இழுத்தேன், சேட்டுக் கிழிந்து ஒரு துண்டு என் கையில் நின்றது. அவர் சாலைக்குள் ஓடிவிட்டார். நான் ஐந்தடி பத்தும் நின்றபடி ஒரு துண்டுத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்க, முன்கதவு உடைந்தது.

குசினிக்குள் நுழைந்து உலக்கையை எடுத்தேன். சாலையில் ஐந்தாறு பேர். அப்பா ஸ்டூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தார். ஒருவன் அதைப் பறித்து, ஓங்கி அவர் முகத்தில் அடித்தான். தாடை உடைந்ததை நான் காதால் கேட்டேன். இன்னொருவன் தொடையில் கம்பியால் அடித்தான், ஒருமுறை இல்லை. எனக்குக் கண் இருண்டது, என்ன மொழியில் கத்தினேனோ தெரியாது. ஸ்டூல் வைத்திருந்தவனின் கையில் உலக்கையை இறக்கினேன், எலும்பு பச்சைத்தடி போல முறிந்தது, அவன் கையைப் பார்த்துப் பிள்ளையைப் போல அழத் தொடங்கினான். இருபது வயது இருக்காது. திரும்பவும் அடித்தேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன், மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டார், இன்னும் இல்லை சுவாமி என்றேன். மற்றவர்கள் என் வீரத்துக்குப் பயந்து போனார்கள் என்று நினைத்துவிடாதே. என் தையல் மெசினும் ரேடியோவும் அவர்கள் கையில் இருந்தன, சுமையோடு எவன் நின்று சண்டை பிடிப்பான். போகும்போது சன்னல் சீலையில் நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். மேஜர் மதில் பாய்ந்து வந்து கடித்துக் குதறினான் என்று எழுத எனக்கும் ஆசைதான், அவன் பீபியின் கட்டிலுக்குக் கீழே மூத்திரம் பெய்துகொண்டிருந்தான்.

புகைக்குள்ளே அப்பாவை இரண்டு கையிலும் அள்ளினேன். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அன்றுதான் அவரை முதன்முதல் தூக்கினேன் ஐறீன், ஒரு மூட்டை அரிசியின் பாரம்கூட இல்லை. முகம் முகமாக இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது, இறக்கு என்று சொல்ல வாயில்லை. மதிலடிக்குப் போய்த் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், அவர் இரத்தம் என் வாயில் விழுந்தது. மஜீட் நானாவும் யோகநாதனும் வாங்கினார்கள், பிறகு என்னையும் கையில் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். ஹியூபேட் மாமா அந்தப் பக்கம் பெட்டியில் இருந்து தலையில் அடித்து அடித்து அழுதார். பீபி தன் புதுக் கட்டில் விரிப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அந்தக் கிழமை முழுதும் அவர்கள் எங்களை வெங்காயக் களஞ்சியத்தில் ஒளித்து வைத்துச் சோறு தந்தார்கள், வாசலில் கேட்டு வந்தவர்களிடம் மஜீட் நானா சத்தியம் பண்ணிப் பொய் சொன்னார். அந்தக் குடும்பத்தை உன் செபத்தில் மறந்தாயோ, பிறகு என்னை அம்மா என்று கூப்பிடாதே.

பிறகு ஆஸ்பத்திரி. தாடையைக் கம்பியால் கட்டினார்கள், தொடையெலும்பைப் பொருத்தினார்கள். அந்தக் கால் இனிக் கட்டையாகத்தான் இருக்குமென்று டொக்டர் சொன்னார். இப்போது வீட்டில் பின்னறை இரண்டில் இருக்கிறோம், சாலை கரிந்து வானம் தெரிகிறது, மழை வந்தால் ஒழுகும். கலியாணப் படம், உன் படங்கள், ஸ்டூல், ஒன்றும் மிஞ்சவில்லை. யோகநாதன் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். ஹியூபேட் மாமா ஒவ்வொரு பின்னேரமும் வருவார், புதுப் பல் கட்டவில்லை, ஒரு சொல் பேசுவதில்லை, அப்பாவின் கட்டிலடியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டுப் போவார். அப்பாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு பகிடியால் இரண்டு சிநேகிதர் ஊமையாகிப்போனார்கள். எனக்கு ஹியூபேட் மாமாவின் மேல் முதலில் கொலைவெறி, பிறகு அந்த மனுசனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பாவைக் கக்கூசுக்கும் கிணற்றடிக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். முதல் நாட்களில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், தண்ணீர் வழியும். தாடைக் கம்பி கழற்றிச் சில நாட்கள்தான். நேற்றுப் பின்னேரம் அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினேன், ஹியூபேட் மாமா வழக்கம்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் கழுத்தில் இருந்து கையை எடுக்காமலே, கோணின வாயால், மெதுவாக, "பாத்தியேடா ஹியூபேட், உன்னைத் தூக்க இவ முக்கின முக்கு, என்னைத் தூக்க மூச்சும் வாங்கேல்லை" என்றார். ஹியூபேட் மாமா நிமிர்ந்து பார்த்தார். பொக்கை வாய் திறந்தது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, மேஜர் வேறு குலைக்கத் தொடங்கிவிட்டான். மூன்று பேருமாக அழுதோம், சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அப்பா உனக்கு உள்ளதை எழுதச் சொன்னார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வின்சன்ற் எத்தனை அங்குலம் கட்டை என்பது எனக்கு வேண்டாம். ஒரு நாள் நாலு பேர் பார்க்க, அந்தப் பெட்டைகள் நிற்கிற இடத்தில், நான் உன்னைத் தூக்கட்டுமா என்று பகிடியாக அவனைக் கேட்டுப் பார். சிரித்துக்கொண்டு கையை நீட்டினானோ, அடுத்த தபாலில் நாள் குறித்து எழுது. முகம் கறுத்து விலகினானோ, அவன் ஆறடியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மதில் எல்லா ஊரிலும் இருக்கிறது மகள்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், இன்று காலை மஜீட் நானாவின் மகன் எடுத்துக் கழுவித் தந்தது. கரிந்த சுவரடியில் நானும் அப்பாவும். அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார், என் தோளுக்கும் கீழே. காலடியில் பார், ஒன்றுமில்லை. கதிரையில் இருங்கோ என்றேன், மாட்டேன், பக்கத்தில்தான் நிற்பேன் என்றார்.

ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் அடைக்கலமும் உனக்கு எந்நேரமும் இருக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போடுகிறார். கம்பளிக் காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே. வின்சன்றோடு வெளியே போகும்போது குதி உயர்ந்த அந்தச் சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ. இனியொருதரம் கூனினாய் என்று கேள்விப்பட்டேனோ, உலக்கை இன்னும் குசினியில்தான் இருக்கிறது.

என்றும் உன்னை நெஞ்சில் சுமக்கும்
அம்மா கொன்ஸ்ரன்ஸ்