வலிக்காமல் கழன்ற கட்டு

என்னவருக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். வேறு எதையோ எழுதப் போகிறேன்.

தீக்காயத்தில் பாப்பா போன பிறகு, "நம்ம பொண்ணுக்கு உதவாத கூழு, இனிமே யாருக்கு உதவினா என்ன?" என்று கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனீர்கள். மறுநாளும் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனேன்.

புண்ணுக்குக் கட்டாகப் போட நான் செய்துவந்த அந்தக் கூழ்மம் உடம்புச் சூட்டில் சுருங்கித் தீப்புண்ணைப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த நீர் விட்டால் அதன் நுண்துளைகள் நீரைக் குடித்து உப்பிவிடும், பிடி தானாக விட்டுப்போகும். உப்பும்போதெல்லாம் கிழிந்து என் உயிரை வாங்கியது. துளைகளை இன்னும் சிறிதாக்கிய பிறகுதான் தாங்குகிறது.

இன்று மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு சிறுமிக்கு அந்தக் கட்டைப் பிரித்தார்கள். நம் பாப்பா வயதுதான். வெந்நீர் கொட்டிய கை. அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் நீரை ஊற்றியதும் கட்டு முழுசாக வழுக்கித் தட்டில் விழுந்தது.

"எப்ப பிரிப்பீங்க?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"பிரிச்சாச்சுடி தங்கம்!" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு வெளியே வந்தேன். பாப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஒரு கதவோரம் நிற்பீர்களே, அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா